மெலனோமா ஏன் இடம் விட்டு இடம் போகிறது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் செல் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் பெரியம்மாவுக்கு உள்ளங்காலில் மெலனோமா என்று தெரிந்த நாளில் இருந்து வீட்டுக் கூடத்தில், வகுப்பறையில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். அறிவியலை மட்டும்தான் நான் விளக்க முடியும், சிகிச்சை முடிவை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

தோல் கேன்சர்னா எல்லாமே உடம்பு முழுக்கப் பரவிடுமா?

இல்லை. உலக அளவில் அதிகம் வருவது பேசல் செல் வகை. அது இருக்கும் இடத்தையே அரித்துக்கொண்டு போகுமே தவிர வேறு உறுப்புக்குத் தாவுவது மிக அபூர்வம். ஸ்குவாமஸ் செல் வகை சிலருக்குப் பரவும். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் இருந்து வருகிற மெலனோமா எண்ணிக்கையில் குறைவுதான், ஆனாலும் தோல் புற்றுநோய் சாவுகளில் பெரும்பங்கு அதனால் நேர்கிறது. தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலே நிணநீர்க் கணு வரைக்கும் போய்விடக்கூடியது. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

நமக்குக் கருப்புத் தோல், நமக்கெல்லாம் இது வராதுதானே?

வெயிலால் வரும் மெலனோமா நமக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும் வகை ஒன்று இருக்கிறது, அதற்கு ஏக்ரல் மெலனோமா என்று பெயர், அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை, கருப்புத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரலில் கண்டுபிடித்தது இதுதான். 1981-ல், 36 வயதில் இறந்துபோனார்.

பெரியம்மா முதலில் முள் குத்தின இடம் என்று நினைத்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கால் ஆணி என்று சொல்லி மாதக்கணக்கில் பிளாஸ்திரி போட்டார்கள். உள்ளங்காலில் புதிதாக வந்து பெரிதாகிக்கொண்டே போகிற கரும்புள்ளி, ஆறாத புண், நகத்தில் நாளுக்கு நாள் அகலமாகும் கருங்கோடு, இவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மரபணு ஒழுங்குமுறை, மியூட்டேஷன் ரெண்டும் ஒண்ணுதானே மேம்?

இரண்டும் வேறு. டிஎன்ஏ-வின் எழுத்தே மாறிப்போவது மியூட்டேஷன், தமிழில் பிறழ்வு. எழுத்து அப்படியே இருக்க, எந்த மரபணு வேலை செய்யும், எது சும்மா இருக்கும், எவ்வளவு வேலை செய்யும் என்று தீர்மானிப்பது ஒழுங்குமுறை. புரதம் செய்யும் மரபணுக்கள் நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன. கண்ணில் இருக்கும் செல்லிலும் குதிகால் தோலின் செல்லிலும் அதே 20,000 தான், ஆன் ஆகியிருக்கிற கூட்டம்தான் வேறு.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் கம்பளிப்பூச்சி. இலையைத் தின்று ஊர்கிற அதுவும், பிறகு இறக்கை முளைத்துப் பறக்கிற வண்ணத்துப்பூச்சியும் ஒரே டிஎன்ஏ வைத்திருக்கிற ஒரே உயிர். மெலனோமா செல்லும் ஏறக்குறைய இப்படித்தான், உட்கார்ந்து பெருகுகிற ஒரு வடிவமும் கிளம்பிப் போகிற ஒரு வடிவமும் அதற்கு உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், வண்ணத்துப்பூச்சி மறுபடி கம்பளிப்பூச்சி ஆகாது, மெலனோமா செல் ஆகும். இனி வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பரவுறதுக்குன்னு தனியா ஒரு மரபணு இருந்தா அதை மட்டும் வெட்டிடலாமே?

எல்லாருக்கும் தோன்றும் யோசனை. தோலில் இருந்த முதல் கட்டியையும் நுரையீரலிலோ மூளையிலோ முளைத்த கட்டியையும் பக்கத்தில் வைத்து டிஎன்ஏ-வைப் படித்துப் பார்த்தார்கள். நோயைத் தொடங்கி வைத்த முக்கியப் பிறழ்வுகள் பெரும்பாலும் இரண்டிலும் அதேதான். பரவின கட்டியில் மட்டும் தவறாமல் இருக்கிற ‘பரவல் பிறழ்வு’ என்று ஒன்று அகப்படவில்லை. ஆனால் எந்த மரபணு ஆன், எது ஆஃப் என்று பார்த்தால் செல்லுக்குச் செல் பெரிய வேறுபாடு இருக்கிறது, அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் கவனம் ஒழுங்குமுறைப் பக்கம் திரும்பியது.

மெலனோமாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்? மத்த கட்டி எல்லாம் பெருசானப்புறம்தானே பரவுது?

மெலனோசைட்டின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். அது தோலிலேயே பிறந்த செல் இல்லை. கருவில் முதுகெலும்புப் பக்கம் நரம்பு முகடு என்று ஒரு செல் கூட்டம் உருவாகும். அங்கே இருந்து கிளம்பி, மற்ற திசுக்களுக்கு நடுவே ஊடுருவி நடந்து, கை கால் நுனி வரை போய்த் தோலில் குடியேறுகிற செல்களில் ஒரு பகுதிதான் மெலனோசைட் ஆகிறது. அதாவது ஒட்டியிருந்த இடத்தை விட்டுக் கிளம்புவது, இடுக்கில் நுழைவது, புது இடத்தில் பிழைப்பது, இதெல்லாம் அதற்கு ஒரு காலத்தில் தெரிந்த தொழில். குடியேறியதும் அந்த மரபணுத் தொகுப்பை மூடி வைத்துவிடும். புற்றுநோய் அதைத் திரும்பத் திறக்கிறது.

இதைக் காட்ட 2006-ல் ஒரு சோதனை செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. மனித மெலனோமா செல்களை எடுத்துக் கோழிக் கருவில், நரம்பு முகடு இருக்கும் இடத்தில் வைத்தார்கள். அந்தச் செல்கள் அங்கே கட்டி கட்டவில்லை, கோழியின் நரம்பு முகட்டு செல்கள் எந்தத் தடத்தில் நடக்குமோ அதே தடத்தைப் பிடித்து நடந்தன. மனிதச் செல், அதுவும் புற்றுநோய் செல், கோழிக் குஞ்சின் உடம்பில் பழைய வழியை அடையாளம் கண்டுகொண்டது.

எனக்கு உடம்பெல்லாம் மச்சம். அதுலயும் பிராஃப் மியூட்டேஷன் இருக்கும்னு படிச்சேன், தூக்கமே வரல.

தூங்குங்கள். மெலனோமாவில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற மரபணுவில் பிறழ்வு இருக்கிறது என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே பிறழ்வு இருப்பது தெரியவந்தது. பிறழ்வு வந்ததும் செல் கொஞ்சம் பெருகும், பிறகு பி16 போன்ற தடுப்புப் புரதங்கள் ஆன் ஆகி அப்படியே நிறுத்திவிடும். அப்படி நின்றுபோன கூட்டம்தான் மச்சம், பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க அப்படியே கிடக்கும்.

பாஸ்டனில் லெனார்ட் ஸான் குழு 2016-ல் வெளியிட்ட ஜீப்ரா மீன் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. பிராஃப் பிறழ்வும் கொடுத்து, காவல் மரபணுவான பி53-ஐயும் எடுத்துவிட்ட மீன்கள். மெலனோசைட்டுகள் எல்லாவற்றிலும் கோளாறு இருக்கிறது, ஆனால் எல்லாம் கட்டி ஆகவில்லை. நரம்பு முகட்டின் மரபணு ஒன்று ஆன் ஆனால் பச்சையாக ஒளிரும்படி அந்த மீன்களை வடிவமைத்திருந்தார்கள். வளர்ந்த மீனில் அது அணைந்திருக்க வேண்டும். எங்கோ ஒரு செல்லில் மட்டும் அது மறுபடி ஒளிர்ந்தது, அந்த ஒரு செல்லில் இருந்துதான் கட்டி வளர்ந்தது. பிறழ்வு மட்டும் போதாது, பழைய தொகுப்பு திறக்கவும் வேண்டும்.

மிட்ஃப் னு ஒரு பேரு எல்லா பேப்பர்லயும் வருதே, அது நல்லதா கெட்டதா?

அளவைப் பொறுத்தது. மிட்ஃப் என்பது மற்ற மரபணுக்களை ஆன் செய்யும் ஒரு புரதம், மெலனோசைட்டுக்கு அதுதான் தலைமை. நிறமி செய்வது, பிழைத்திருப்பது, பெருகுவது எல்லாம் அதன் கட்டளையில் நடக்கிறது. பிறவியிலேயே அதில் கோளாறு இருந்தால் வார்டன்பர்க் நோய் என்று ஒன்று வரலாம், கண், முடி, தோலில் நிறம் குறையும், காதும் கேட்காமல் போகலாம், ஏனென்றால் உள்காதுக்கும் மெலனோசைட் தேவை.

மெலனோமாவில் மிட்ஃபை ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப உச்சத்தில் வைத்தால் செல் நிறமி செய்துகொண்டு முதிர்ந்து அடங்கும். நடுவில் வைத்தால் மளமளவென்று பெருகும். கீழே இறக்கினால் பெருகும் வேகம் குறையும், ஆனால் ஊடுருவும் குணம் வரும். அறவே நிறுத்தினால் செல் முடங்கிவிடும் அல்லது செத்துவிடும். இந்தக் கருத்தை 2006-ல் காலின் கோடிங் குழு முன்வைத்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில இடங்களில் திருத்தினாலும் அடிப்படை நிற்கிறது. எனவே ‘மிட்ஃபை அடக்கிவிட்டால் மெலனோமா போய்விடும்’ என்று யாராவது சொன்னால் எந்த அளவுக்கு அடக்குகிறீர்கள் என்று கேளுங்கள்.

வேகமா வளர்ற கட்டிதானே வேகமா பரவும்?

ஒரே செல் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்வது குறைவு. மேலே சொன்ன ரெகுலேட்டரில் நடு நிலை வளர, கீழ் நிலை நகர. சூரிச்சில் கீத் ஹோக் குழு 2008-ல் வெளியிட்ட சோதனையில் பெருகும் வகை செல்களைச் சில எலிகளுக்கும் ஊடுருவும் வகை செல்களை வேறு எலிகளுக்கும் செலுத்தினார்கள். ஊடுருவும் வகைக்குக் கட்டி வர அதிக நாள் பிடித்தது. ஆனால் கட்டி வந்த பிறகு வெட்டிப் பார்த்தால் எந்த வகையில் தொடங்கியதாக இருந்தாலும் இரண்டு வகை செல்களும் உள்ளே இருந்தன. பெருகுகிறவை நகர்கிறவையாக மாறியிருக்கின்றன, நகர்கிறவை பெருகுகிறவையாகத் திரும்பியிருக்கின்றன.

பரவல் என்பது இந்த இரண்டு வடிவமும் மாறி மாறி வருவது. கிளம்ப ஒரு வடிவம், போய்ச் சேர்ந்த இடத்தில் குடும்பம் பெருக்க இன்னொரு வடிவம். திரும்பி மாறத் தெரியாத செல் போன இடத்தில் ஒற்றையாய்க் கிடக்கும்.

சரி, அந்த ரெகுலேட்டரைத் திருப்புறது யாரு?

பெரும்பாலும் சுற்றுப்புறம். கட்டி பெரிதானால் நடுவில் ஆக்ஸிஜன் எட்டாது, குளூட்டமின் போன்ற சத்தும் குறையும். பட்டினி கிடக்கும் செல்லில் ஏடிஎஃப்4 என்ற புரதம் கூடி மிட்ஃபை இறக்கிவிடுகிறது. பக்கத்துத் திசுவில் இருந்து வரும் டிஜிஎஃப்-பீட்டா, வீக்கத்தின்போது நோயெதிர்ப்பு செல்கள் விடும் டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களும் அதே பக்கம் தள்ளும். பசி வந்தால் ஊரை விட்டுக் கிளம்புகிற மாதிரிதான். செல்லுக்குள் பிஆர்என்2 என்று ஒரு புரதம் உண்டு, அதுவும் மிட்ஃபை அடக்கி நகரும் மரபணுக்களைத் தூண்டுகிறது.

புரதம் எழுதாத டிஎன்ஏ எல்லாம் குப்பைன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதுக்கு இதுல பங்கு உண்டா?

நிறையவே உண்டு, குப்பை என்ற அந்தப் பேச்சை மறந்துவிடுவது நல்லது. மெலனோமாவில் மிக அதிகம் காணப்படும் பிறழ்வுகளில் ஒன்று டெர்ட் மரபணுவின் உள்ளே இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் சுவிட்ச் பகுதியில் இருக்கிறது. 2013-ல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் சொன்ன செய்தி இது. ஓர் எழுத்து மாறினதும் வேறொரு புரதம் வந்து உட்கார அங்கே புதிதாக ஓர் இடம் உருவாகிறது, டெர்ட் ஆன் ஆகிறது, குரோமோசோம் நுனி தேயாமல் செல் பெருகிக்கொண்டே போக முடிகிறது. பிறழ்வும் ஒழுங்குமுறையும் வேறு என்று முன்னால் சொன்னேன், இது இரண்டும் சந்திக்கும் இடம்.

இன்னொன்று மைக்ரோ ஆர்என்ஏ-211, புரதம் செய்யாமல் மற்ற மரபணுக்களை அடக்கும் ஒரு குட்டி ஆர்என்ஏ. டிஆர்பிஎம்1 என்ற மரபணு அடங்கினால் மெலனோமா மோசமாகிறது என்று பல காலமாகத் தெரியும், அந்த மரபணுதான் பரவலைத் தடுக்கிறது என்று நினைத்தார்கள். 2010-ல் பார்த்தால், தடுத்தது அந்த மரபணு இல்லை, புரதம் செய்யும்போது வெட்டி எறியப்படும் அதன் நடுப்பகுதியில் (இன்ட்ரான்) ஒளிந்திருந்த இந்தக் குட்டி ஆர்என்ஏ. அதை ஆன் செய்வதும் மிட்ஃப் தான். மிட்ஃப் இறங்கினால் இந்தத் தடுப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

எபிஜெனெடிக்ஸ்னு சொல்றது இதுதானா?

இதில் ஒரு பகுதி. டிஎன்ஏ நூல், ஹிஸ்டோன் புரதங்கள்மேல் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்து மரபணு பேசாது, தளர்த்தின இடத்து மரபணு பேசும். இஇசட்எச்2 என்ற நொதி ஹிஸ்டோனில் குறி போட்டு இறுக்க வைக்கும், பரவும் மெலனோமாவில் இது கூடுதலாக இருப்பதும் எலியில் இதைத் தடுத்தால் பரவல் குறைவதும் காட்டப்பட்டிருக்கிறது. மேக்ரோ எச்2ஏ என்பது எதிர்ப்பக்கம் நிற்கும் ஒரு ஹிஸ்டோன், அது குறையக் குறைய நோய் முற்றுகிறது.

உள்ளங்கால்ல வர்றதும் முதுகுல வர்றதும் ஒரே நோயா?

இல்லை, இது பெரியம்மா கேட்ட கேள்வி, நல்ல கேள்வி. உள்ளங்கால் வகையில் பிராஃப் பிறழ்வு குறைவு, மரபணுத் துண்டுகள் பல பிரதிகளாகப் பெருகியிருப்பது அதிகம். நியூயார்க்கில் ரிச்சர்ட் ஒயிட் குழு 2022-ல் இதற்கு ஒரு காரணம் காட்டியது. கருவில் எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்களில் கை கால் நுனிக்கு உரியவை, அங்கே குடியிருக்கும் மெலனோசைட்டில் வயதான பிறகும் ஆன் ஆகவே இருக்கின்றன. உள்ளங்கால் வகையில் அப்படிப் பல பிரதிகளாகப் பெருகும் மரபணுக்களில் ஒன்றான சிஆர்கேஎல்-ஐ ஜீப்ரா மீனில் கூட்டினபோது கட்டிகள் துடுப்புப் பக்கம் கூடுதலாக வந்தன, துடுப்புதானே மீனுக்குக் கை கால். செல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற நினைவே எந்தக் கோளாறு அங்கே பலிக்கும் என்று தீர்மானிக்கிறது.

ரத்தத்துல ஒரு செல் கலந்தாலே போச்சா?

அப்படி இல்லை. ரத்தத்தில் போகும் செல்களில் மிகப் பெரும்பாலானவை செத்துவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், அதாவது செல்லைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜன் வினைகள், அதிகம், அதைத் தாங்க முடிவதில்லை. தாங்குகிற கொஞ்சம் செல்கள் தங்கள் வளர்சிதை மாற்றத்தையே மாற்றிக்கொள்கின்றன, வேறு இடத்தில் வளர்ந்த பிறகு பழையபடி திரும்பியும் விடுகின்றன. டெக்ஸஸில் ஷான் மோரிசன் குழு 2015-ல் எலிகளில் காட்டியது இது. 2020-ல் அதே குழு நிணநீர் வழியே போகும் செல்களுக்கு அந்த அழுத்தம் குறைவு என்றும் காட்டியது. மெலனோமா பல நேரம் முதலில் நிணநீர்க் கணுவில் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

அப்போ ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டா நல்லதுதானே?

முந்தைய பதிலை இன்னொரு தரம் படியுங்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் குறைப்பது அந்த அழுத்தத்தைத்தான், அந்த அழுத்தம்தான் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது. என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்டைக் கொடுத்த எலிகளில் மெலனோமா பரவல் கூடியது, 2015-ல் இரண்டு தனிக் குழுக்கள் இதைப் பார்த்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் புற்றுநோய் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இப்படி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. காய், கீரை, பழம் சாப்பிடுவதைப் பற்றி நான் சொல்லவில்லை.

மருந்து கொடுத்ததும் கட்டி கரைஞ்சிடுச்சு, ஆறேழு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. ஏன்?

பிராஃப் பிறழ்வைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலருக்குக் கட்டி கண்ணெதிரே சுருங்கியது, பிறகு பலருக்குத் திரும்பியது. புதிய பிறழ்வுகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் பென்சில்வேனியாவில் அர்ஜுன் ராஜ் குழு 2017-ல் காட்டியது. மருந்து கொடுப்பதற்கு முன்பே, ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றிரண்டு மட்டும் ஏஎக்ஸ்எல் போன்ற, மருந்தைத் தாங்க உதவும் மரபணுக்களைத் தற்காலிகமாக ஆன் செய்து வைத்திருக்கின்றன, கொஞ்ச நாளில் தானாக அணைத்தும் விடுகின்றன. அப்படி ஆன் ஆகியிருக்கும் நேரத்தில் மருந்து வந்தால் அந்தச் செல் பிழைக்கிறது, அந்த நிலையிலேயே நிலைத்தும் விடுகிறது. இன்று பிராஃப் மருந்தோடு, பிராஃபின் கட்டளையை அடுத்து வாங்கிக் கடத்தும் மெக் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள், ஒன்றை மட்டும் தருவதைவிட அது அதிக நாள் பலன் தருகிறது.

இம்யூனோதெரபிக்கும் இந்த சுவிட்ச்க்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. இம்யூனோதெரபி என்பது நம் நோயெதிர்ப்பு செல்களையே புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சை. அந்த நோயெதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி-செல்கள் மெலனோமாவை அடையாளம் காண்பது பல நேரம் நிறமி சார்ந்த புரதங்களை வைத்துத்தான். வீக்கத்தில் வரும் டிஎன்எஃப் மிட்ஃபை இறக்கும் என்றேன் அல்லவா, அப்போது அந்த நிறமிப் புரதங்களும் குறைந்துவிடும், டி-செல்லுக்கு முகம் தெரியாமல் போகும். எலிகளில் இது 2012-ல் காட்டப்பட்டது. அதற்காக இம்யூனோதெரபி வேண்டாம் என்று அர்த்தமில்லை, முன்பு மாதக்கணக்கில் எண்ணப்பட்ட உயிர்கள் பல ஆண்டுகள் வாழ்வது அந்தச் சிகிச்சையால்தான். 2018 நோபல் பரிசு ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் இதற்காகத்தான் கொடுக்கப்பட்டது.

பரவுமா பரவாதான்னு முன்னாடியே டெஸ்ட்ல தெரியுமா?

கண்ணுக்குள் வரும் மெலனோமாவில் ஓரளவு நன்றாகவே தெரியும். கட்டியில் இருந்து ஊசியால் கொஞ்சம் செல் எடுத்து எந்த மரபணுக்கள் எவ்வளவு ஆன் என்று பார்த்து இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள், இரண்டாம் வகை பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகும். அந்த வகையில் பெரும்பாலும் பிஏபி1 மரபணு பழுதாகியிருப்பதை 2010-ல் கண்டார்கள். அதன் வேலையே ஹிஸ்டோனில் இருக்கும் ஒரு குறியைக் கழற்றுவதுதான்.

தோலில் வருவதற்கு இன்றும் முதலில் கேட்பது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்றுதான். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் சொன்ன அளவு, பயாப்ஸி அறிக்கையில் அவர் பெயரிலேயே இருக்கும். அப்புறம் முதல் நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்ப்பது. அறிக்கை வந்தால் இந்த இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

செல் திரும்பி மாறும்னா, கேன்சர் செல்லை நல்ல செல்லாவே மாத்திட முடியாதா?

கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் மேலே உள்ளதெல்லாம் இதற்குத் தேவை. 2004-ல் ருடால்ஃப் யேனிஷ் குழு, எலியின் மெலனோமா செல் ஒன்றின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்தது. மரபணு ஒழுங்கை முட்டை அடியோடு அழித்துத் திருப்பி எழுதியது. அதில் இருந்து, உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய கருத் தண்டுச் செல்கள் கிடைத்தன, அவற்றைச் சாதாரண எலிக் கருவில் கலந்தபோது பிறந்த குட்டிகளின் உடம்பில் அந்தப் புற்றுநோய் செல்லின் வாரிசுகள் ரத்த செல்லாக, தோல் செல்லாக, நல்ல மெலனோசைட்டாகவே இருந்தன.

ஆனால் அந்த டிஎன்ஏ-வில் இருந்த பிறழ்வுகளை முட்டையால் அழிக்க முடியவில்லை. அந்த மெலனோமாவைத் தொடங்கி வைத்த ராஸ் மரபணுவை ஒரு மருந்தால் ஆன், ஆஃப் செய்ய முடியும்படி முன்பே அமைத்திருந்தார்கள். வளர்ந்த குட்டிகளில் அதை மறுபடி ஆன் செய்தபோது மெலனோமா முன்பைவிட அதிக எலிகளில், முன்பைவிடச் சீக்கிரம் வந்தது, வேறு வகைக் கட்டிகளும் கூடவே வந்தன.